பல் கம்பிக்கு 60 விழுக்காடு தள்ளுபடி: எந்த விலையிலிருந்து?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து எதிரே அமர்ந்து, கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரோ அனுப்பிய படம். பல்லெல்லாம் நீலக் கம்பியோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, அவள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 60 விழுக்காடு தள்ளுபடி.

"தம்பி, இந்த அட்டையை எடுத்துவிட்டால் மகளுக்குப் பாதிக்கும் குறைந்த விலையில் கம்பி கட்டிவிடலாமாம். வருசத்துக்கு நூற்றைம்பதுதானாம். கட்டிவிடட்டுமா?"

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்றைம்பதுக்கு முன்னால் எறும்பு அளவில் ஒரு டாலர் குறி இருந்தது. அதற்கும் கீழே, எறும்புக்குப் பிறந்த எறும்பு அளவில், இது காப்புறுதி இல்லை என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம். பல் தள்ளுபடித் திட்டம் என்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக விற்கப்படும் சரக்கு. ஆண்டுக்கு ஒரு சந்தாவைக் கட்டினால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பல் மருத்துவர்களிடம் அந்த அட்டையைக் காட்டினால் வழக்கமான கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வார்கள். திட்டத்தை நடத்தும் நிறுவனம் மருத்துவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. மீதித் தொகை முழுவதையும் நோயாளிதான் தன் பையிலிருந்து எடுத்து அங்கேயே கட்ட வேண்டும். மருத்துவருக்கு என்ன லாபம் என்றால், ஆள் வரத்து. நிறுவனத்துக்குச் சந்தா. காப்புறுதியில் இருக்கும் கோரிக்கைப் படிவம், காத்திருப்புக் காலம், ஆண்டு உச்சவரம்பு எதுவும் இதில் இல்லை. இழப்பை ஏற்றுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற பாதுகாப்பும் இல்லை.

இப்படி ஒரு சரக்கு அங்கே ஏன் விலைபோகிறது என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பல் காப்புறுதி பெரும்பாலும் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டாலரோடு கையை விரித்துவிடும். கம்பி கட்டுவது போன்ற பல் சீரமைப்புக்குத் தனியாக ஆயுள் உச்சவரம்பு வைப்பார்கள், அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். பல திட்டங்களில் பெரியவர்களுக்குக் கம்பி கட்ட இடமே இல்லை. சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் பெரிய சிகிச்சைக்குப் பணம் வரும். கம்பியின் விலையோ அங்கே பொதுவாக 3,000 முதல் 7,000 டாலர் வரை. இந்த இடைவெளியில்தான் தள்ளுபடி அட்டை நுழைந்தது. அங்கே வாழும் ஒரு குடும்பத்துக்குக் கணக்கு இப்படி வரலாம்: 6,000 டாலர் சிகிச்சை, 20 விழுக்காடு தள்ளுபடி என்றால் 1,200 டாலர் மிச்சம், ஆண்டுக்கு 150 வீதம் இரண்டு ஆண்டுச் சந்தா 300 போக 900 டாலர் கையில் நிற்கும். ஒப்பந்த மருத்துவர் வீட்டுக்கு அருகில் இருந்து, சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்பே அட்டையும் எடுத்திருந்தால் இது நியாயமான பேரம்தான். பாதி வழியில் அட்டையை வாங்கிக்கொண்டு போனால், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விலையை யாரும் குறைக்கமாட்டார்கள்.

நான் 20 விழுக்காடு என்று கணக்குப் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். விளம்பரத்தில் உள்ள 60 எங்கே போனது? "வரை" என்ற சொல்லுக்குள் போனது. 60 விழுக்காடு வரை என்றால், பல் சுத்தம் செய்வது, எக்ஸ்ரே எடுப்பது போன்ற சின்ன வேலைகளில் ஏதாவது ஒன்றுக்கு அந்த உச்சம் கிடைக்கலாம். பல் சீரமைப்புக்குப் பொதுவாக 15 முதல் 25 விழுக்காடுதான். ஐம்பது டாலர் வேலையில் அறுபது விழுக்காடும், ஆறாயிரம் டாலர் வேலையில் இருபது விழுக்காடும் ஒரே படத்தில் ஒரே எழுத்தில் கலந்துவிடுகின்றன. துணிக்கடைத் தீபாவளித் தள்ளுபடியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. பல் என்றதும் மட்டும் ஏனோ நம்பிவிடுகிறோம்.

அக்காவுக்கான பதில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த அட்டையைச் சுங்கைப்பட்டாணியில் எந்தக் கிளினிக்கிலும் வாங்கமாட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி அதோடு முடியவில்லை. வேறு உடையில் அதே சரக்கு நம் ஊரிலும் விற்கிறது. கிளினிக் உறுப்பினர் அட்டை, பள்ளி விடுமுறைச் சலுகை, நண்பரை அழைத்து வந்தால் இருவருக்கும் கழிவு, தொழிற்சாலை ஊழியருக்குத் தனி விலை. எதையும் நான் மோசடி என்று சொல்லவில்லை. நல்ல மருத்துவர்களும் சலுகை தருகிறார்கள். எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள், அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

தனியார் கிளினிக்குகளில் சாதாரண உலோகக் கம்பிக்கு ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரிங்கிட் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளக்காரருக்கு இது மூன்று முதல் ஐந்து மாத முழுச் சம்பளம். அதனால்தான் கிளினிக்குகள் மொத்த விலையைச் சொல்லாமல், முன்பணம் ஆயிரம், மாதம் இருநூறு என்று சொல்கின்றன. காதுக்கு இதமாக இருக்கிறது. எத்தனை மாதம் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

கற்பனையாக இரண்டு கிளினிக்குகளை வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதலாவது 6,500 ரிங்கிட், உறுப்பினருக்கு 20 விழுக்காடு கழிவு. இரண்டாவது 6,000 ரிங்கிட், கழிவே கிடையாது, ஆனால் எல்லாம் அடக்கம். முதல் கிளினிக்கில் கழிவு போக 5,200. கேட்பவர் முகம் மலர்கிறது. பிறகு எக்ஸ்ரே 150. இடம் போதவில்லை என்று நான்கு பற்களைப் பிடுங்க, பல்லுக்கு 100 வீதம் 400. கம்பி கட்டும் முன் சுத்தம் செய்ய 100. கடைசியில் கம்பியைக் கழற்றிய பிறகு பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க அணியும் ரிட்டெய்னருக்கு 500. மொத்தம் 6,350. உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு 200 வீதம் இரண்டு ஆண்டுக்கு 400 சேர்த்தால் 6,750. தள்ளுபடியே தராத கிளினிக்கைவிட 750 ரிங்கிட் கூடுதல். இதில் முறுக்குக் கணக்கு இன்னும் சேரவில்லை.

முறுக்குக் கணக்கு என்பது எங்கள் குடும்பத்துச் சொல். என் அண்ணன் மகள் கம்பி கட்டிய முதல் தீபாவளியன்று, பாட்டி சுட்ட முறுக்கைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். சத்தம் இரண்டு கேட்டது. ஒன்று முறுக்கு, மற்றது பிராக்கெட். பல்லின் மேல் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சதுரம் கழன்று கம்பியில் ஊஞ்சல் ஆடியது. மறுபடி ஒட்ட 50 ரிங்கிட். அடுத்த மாதம் கரும்பு, இன்னொரு 50. மூன்றாவது முறை எதைக் கடித்தாள் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. பணத்தைவிட நாள்தான் பெரிய இழப்பு. பிராக்கெட் கழன்ற பல் சிகிச்சையில் பின்தங்கும், பதினெட்டு மாதம் இருபத்து நான்காகும், மாதத் தவணை போடும் கிளினிக்காக இருந்தால் அந்த ஆறு மாதமும் பணமாகும். அதனால் விலை கேட்கும்போது, கழன்றால் எவ்வளவு, காலம் நீண்டால் யார் கட்டுவது, ரிட்டெய்னர் உள்ளடக்கமா, பாதியில் வேறு ஊருக்கு மாறினால் என்ன ஆகும் என்று நான்கையும் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எழுதித் தரத் தயங்கும் இடத்தில் எத்தனை விழுக்காடு தந்தாலும் நான் போகமாட்டேன்.

யார் கட்டுகிறார்கள் என்பதும் விலையின் ஒரு பகுதி. பொதுப் பல் மருத்துவர்களும் கம்பி கட்டுகிறார்கள்; எளிதான பற்களுக்கு அது போதும். ஆனால் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தம்மை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியும். பெயர்ப் பலகையில் இருப்பதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாரிடம் போவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு. அக்காவிடம் நான் கேட்டது வேறு. "பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வந்தார்களே, அப்போது பாப்பாவைப் பார்த்தார்களா?"

அவருக்கு நினைவில்லை. பிறகு வீட்டில் தேடியதில், மகளின் புத்தகப்பையின் அடியில், நான்காக மடித்து, ஒரு மூலையில் சம்பல் கறையோடு, பள்ளியில் பல்லைப் பார்க்கப் பெற்றோர் சம்மதம் கேட்கும் மலாய்ப் படிவம் கிடைத்தது. பெற்றோர் கையெழுத்து இட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்தப் படிவத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தனியாகத் தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதைப் பார்த்து 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர் ஒருவரே காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பல்வலிக்கும் மருந்து கொடுத்த காலம் அது. பல்வலிக்கு என்றால் பெரும்பாலும் குறடுதான் மருந்து. அங்கே பயின்ற மிஸ்ஸிகள் நாற்காலியையும் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிப் பள்ளியாகப் போனார்கள். இன்று அவர்களுக்குப் பல் சிகிச்சையாளர் என்று பெயர் மாறிவிட்டது, வேலை மாறவில்லை. பீடோங் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்த இடங்கள் உண்டு. தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பலகையில் மட்டும் நின்றுபோன ஊர்களுக்கும் இந்தக் குழு வந்துகொண்டிருக்கிறது. சொத்தையை அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் மாணவருக்கு இலவசம்.

இவர்கள் கம்பி கட்டமாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்து பார்த்து, இந்தப் பிள்ளைக்குப் பல் வரிசை சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்து, அரசு பல் கிளினிக்குக்கு அனுப்ப வல்லவர்கள் இவர்கள். அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவை என்றால் அரசுப் பல் சீரமைப்பு நிபுணருக்குக் கடிதம் எழுதுவார். நிபுணரிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1989இல் இங்கிலாந்தில் வெளியான சிகிச்சைத் தேவைக் குறியீடு அது. ஒன்று முதல் ஐந்து வரை படிகள். ஒன்று என்றால் தேவையில்லை, ஐந்து என்றால் மிகவும் தேவை. மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட 9 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருந்தால் ஐந்தாம் படி. 6க்கு மேல் 9 வரை என்றால் நான்காம் படி. பல் முளைக்க வழியில்லாமல் எலும்புக்குள் மாட்டிக்கொண்டிருப்பது, பிளவு உதடு, பிளவு அண்ணம் ஆகியவையும் ஐந்தாம் படியில் சேரும். லேசாகக் கோணிய ஒரு பல் கண்ணாடியில் நமக்கு மலைபோலத் தெரிந்தாலும் இரண்டாம் படியைத் தாண்டாது. அரசு இடத்தில் முன்னுரிமை நான்குக்கும் ஐந்துக்கும்தான். இது சிலருக்குக் கோபத்தைத் தருகிறது. எனக்கு நியாயமாகவே படுகிறது. துருத்திய முன்பல் விழுந்தால் முதலில் உடையும் பல். அந்தப் பிள்ளைக்குக் கம்பி அழகுப் பொருள் இல்லை.

அரசில் கட்டணம் தனியார் விலையின் சிறு பங்குதான். எந்தத் தள்ளுபடி அட்டையாலும் இதை எட்ட முடியாது. இதற்கு விலையாக நாம் கொடுப்பது காலம். வரிசை நீளம். ஓராண்டு, ஈராண்டு, சில இடங்களில் அதற்கும் மேல். இங்கேதான் படிவம் பையின் அடியில் கிடப்பது பெரிய இழப்பாகிறது. நிலைப்பற்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் முளைத்து முடிகின்றன; நிலையான கம்பியை அதற்குப் பிறகே கட்டுவது வழக்கம். ஆறாம் ஆண்டிலேயே கடிதம் வாங்கி வரிசையில் நின்றால், இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவத்தில் முறை வரும்போது பற்களும் தயாராக இருக்கும். காத்திருந்தது போலவே தெரியாது. பதினாறு வயதில், படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளத் தொடங்கிய பிறகு ஓடினால், அதே ஈராண்டு தாங்க முடியாததாகிவிடும், தனியார் கிளினிக்கின் 20 விழுக்காடு அமுதமாகத் தெரியும். என் கணக்கில் மிகப் பெரிய தள்ளுபடி பிள்ளையின் வயதில் இருக்கிறது.

காத்திருக்கும் காலத்திலும் ஒரு வேலை உண்டு. அழுக்குப் பல்லில், சொத்தைப் பல்லில் கம்பி கட்டமாட்டார்கள். முறை வந்த பிறகும் ஈறு வீங்கியிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வரச் சொன்ன நாளில் போகாமல் விட்டாலும் பெயர் பின்னுக்குப் போகும். தினக்கூலிக்காரருக்கு இது சாதாரண விசயமில்லை, ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஈராண்டு போய் வர வேண்டும். கெடாவில் ஒரு வசதி இருக்கிறது, நாம் அதிகம் நினைப்பதில்லை. இங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு தரும் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா, கூலியை இழக்காமல் பிள்ளையை அழைத்துப் போகலாம். சிலாங்கூரில் இருக்கும் என் தங்கைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அரசுக்கும் தனியாருக்கும் நடுவில் பல்கலைக்கழகக் கிளினிக்குகள் இருக்கின்றன. பீடோங்கை அடுத்த செமெலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் உண்டு. இத்தகைய இடங்களில் மாணவர்கள் விரிவுரையாளரின் மேற்பார்வையில் சிகிச்சை தருகிறார்கள். கட்டணம் குறையும், ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்காரும் நேரம் கூடும். இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் கழற்றி மாட்டும் தகடு போன்ற எளிய வேலைகளையே செய்வார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? மருத்துவக் காப்புறுதி அட்டையை நம்பிப் பயனில்லை. விபத்தில் பல் உடைந்தால் தவிர, பல் வேலையை அவை பொதுவாகத் தொடுவதில்லை. தொழிற்சாலைகள் தரும் பல் சலுகை பிடுங்க, அடைக்க, சுத்தம் செய்ய என்ற அளவில் சில நூறு ரிங்கிட்டோடு நின்றுவிடும். 2024 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு வந்திருக்கிறது, ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்தபோது, புதிய சந்தாவில் 10 விழுக்காடு போய்ச் சேரும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றானது. அதில் கம்பி கட்டியவர்களை எனக்குத் தெரியும். முதுமைக்கு என்று வைத்ததை எடுக்கிறோம் என்ற உறுத்தலோடுதான் எடுத்தார்கள். பழைய வழி கூட்டுப் பிடிப்பது. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் போட்டு ஆளுக்கொரு மாதம் எடுப்பார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முகம் தெரியாதவர் புலனத்தில் நடத்தும் கூட்டில் சேர்ந்து பல்லையும் பணத்தையும் ஒன்றாக இழக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மலிவான விலை ஒன்று சந்தையில் உண்டு. அழகு நிலையத்திலோ யாருடைய வீட்டு அறையிலோ சில நூறு ரிங்கிட்டுக்குக் கட்டும் போலிக் கம்பி. வண்ணம் பிடிக்கும், ஒட்டுவதற்கு என்ன பசை என்று தெரியாது, பல் எந்தப் பக்கம் நகரும் என்று கட்டுபவருக்கே தெரியாது. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி இது குற்றம். 2017இல் மலாக்காவில் இப்படிக் கட்டிய ஓர் இளம் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. கட்டியவர் அபராதத்தோடு போய்விடலாம். எலும்பைவிட்டு ஆடத் தொடங்கிய பல்லோடு வாழ்வது கட்டிக்கொண்டவர்.

அக்கா அன்று மாலையே படிவத்தில் கையெழுத்திட்டார். பள்ளிக் குழு அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விட்டதால், மகளை நேரே அரசுப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். பதிவுக்கு ஒரு ரிங்கிட் கொடுக்க நீட்டியபோது, மாணவி என்று சொல்லி அதையும் திருப்பிக் கொடுத்தார்களாம். மருத்துவர் சிறிய உலோக அளவுகோலை முன்பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு ஏழு என்று எழுதினார். நிபுணருக்கான கடிதமும் ஒரு தேதியும் கிடைத்தன. தேதி பதினான்கு மாதம் தள்ளி. அடுப்படியில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் அந்த மாதத்துக்கு ஏடே இல்லாததால், அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடு.